நொட்டாங்கைப் பக்கம்

ஏனுங்க, சித்தெ எந்திரிங்க. நான் சன்னலோரம் போயிக்கறேன், நீங்க இக்கட்ட உக்கோருங்க. காத்துக்கில்லீங்க. எனக்குப் பக்கத்துல ஆள் இருந்தா சோத்தாங்கைப் பக்கந்தான் இருக்கோணும். நொட்டாங்கைப் பக்கம், அதாங்க இடது பக்கம், அது எனக்குன்னு பழகிப் போச்சு. ஆ, இப்பச் செரி. காங்கேயத்துல இருந்து திருப்பூருக்கு ஒரு மணி நேரம் ஆவுமே, அதுவரைக்கும் வசமா உக்காரோணுமில்ல.

நான் கோர்ட்டுக்குப் போறனுங்க. அட, பயந்துக்காதீங்க. களவாணிக் கேசெல்லாம் இல்ல. அடிதடி. அதுவும் வேத்தாளு இல்ல, எங்கூட ஒண்ணாப் படிச்சவன். லோகநாதன்னு பேரு. லோகு, லோகும்போம். அவன் எனக்குப் பண்ணுன துரோகத்தக் கேக்கறதுக்கு ஒரு கோர்ட்டும் இல்லீங்க. நான் ரெண்டு அடி அடிச்சத மட்டும் ஊரே கேக்குது.

என்ன துரோகமா? சொல்றேன். ஒரு கேமுங்க. கம்ப்யூட்டர் கேம். சிரிக்காதீங்க. எல்லாரும் இப்படித்தான் சிரிக்கறாங்க. ஸ்டேசன்ல அந்த ஏட்டும் சிரிச்சாரு. கேமுக்காடா ஒருத்தன் மண்டைய ஒடைப்பீன்னு கேட்டாரு. மண்டை இல்லீங்கய்யா, காதுன்னேன். அதுக்கப்புறம் அவரு சிரிக்கல.

நாங்க ஒம்பதாவது படிக்கறப்ப எங்க ஊருல ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்துச்சுங்க. அதுக்குள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டர். மாஸ்டர் கோயமுத்தூருல இருந்து ஒரு சிடி வாங்கிட்டு வந்து வெச்சிருந்தாரு. குங்ஃபூ பஜார்னு பேரு. எந்த நாட்டுக் கம்பெனியோ, இப்ப அந்தக் கம்பெனியே இல்ல. ரெண்டு பேரு சந்தைக்குள்ள நின்னு அடிச்சுக்கறதுங்க, அவ்வளவுதான். நான் எப்பவும் கசாப்புக்கடை மொட்டையன எடுப்பேன். லோகு எடுக்கறது கொடை வெச்சிருக்கற ஒரு பொம்பள. கீபோர்டு ஒண்ணுதான். நொட்டாங்கைப் பக்கத்து எழுத்தெல்லாம் ஒருத்தனுக்கு, சோத்தாங்கைப் பக்கத்து நம்பரெல்லாம் இன்னொருத்தனுக்கு. ரெண்டு நாற்காலிய ஒட்டிப் போட்டு உக்காந்துக்குவோம். நான் நொட்டாங்கைப் பக்கம். யாரு முடிவு பண்ணுனாங்கன்னா? நாந்தான். மொத நாள் உக்காந்தேன், அதுவே எடமாயிருச்சு.

அதுக்கு ஒரு சட்டம் இருந்துச்சுங்க. ஒரு ரவுண்டு தோத்தா ஒரு அடி. தோத்தவன் மூஞ்சியத் திருப்பி இப்படிக் காட்டோணும், ஜெயிச்சவன் ஓங்கி ஒண்ணு உடோணும். செவுட்டுலயோ பொடனியிலயோ, அது ஜெயிச்சவன் இஷ்டம். சட்டம் போட்டதும் நாந்தானுங்க. ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம். அவன் ஜெயிச்சா அவனும் அடிக்கலாம். நான் மாட்டேன்னு ஒருநாளும் சொன்னதில்ல. அவனுக்கு ஜெயிக்கத் தெரியல, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

மூணு வருசங்க. வாரத்துல அஞ்சு நாளு. ஒரு நாளைக்கு எட்டு ரவுண்டு, பத்து ரவுண்டு. அவன் ஜெயிச்சது எப்பவாச்சும் ஒண்ணு. அப்பக்கூட அவன் அடி எப்படி இருக்கும் தெரியுங்களா? ஈ ஓட்டற மாதிரி தொட்டுட்டு எடுத்துக்குவான். எனக்கு அதப் பாத்தா பத்திக்கிட்டு வரும். ஆம்பளையாட்ட அடிடாம்பேன். அடுத்த ரவுண்டு அவன் தோப்பான். எப்படி அடிக்கறதுன்னு நான் காட்டுவேன்.

மாஸ்டர் கரும்பலகையில ஒரு ஓரமா, சாம்பியன் பூபதின்னு எழுதி வெச்சாருங்க. பூபதி நாந்தான். மூணு வருசம் அத அழிக்க உடல. நான் பன்னெண்டாவதுல பெயிலு. அப்புறம் மோட்டார் காயில் கட்டற கடை, இன்னைக்கு வரைக்கும் அதுதான். என்ற பேர ஒரு பலகையில எழுதினது அந்த ஒருக்காதானுங்க. அத நெனச்சா இப்பவும் எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போயிரும்.

காதா? அது பதினொண்ணாவது படிக்கறப்ப. ஒரு சாயங்காலம் அஞ்சு ரவுண்டும் வரிசையாத் தோத்தான். அஞ்சையும் சேத்து ஒண்ணா வாங்கிக்கறேன்னு அவனேதான் சொன்னான். சீக்கிரம் ஊட்டுக்குப் போகோணுமாம். செரின்னு சேத்து ஒரு அப்பு அப்பினேன். சோத்தாங்கையில. அவனுக்கு நொட்டாங்கைப் பக்கத்துக் காதுல இருந்து ஒரு கோடு ரத்தம் வந்துச்சு. அந்தக் காது அன்னையோட போச்சு. ஆனா பாருங்க, ஊட்டுல கேட்டதுக்கு கெணத்து மேட்டுல வழுக்கி உழுந்துட்டேன்னு சொன்னானே தவிர, என்ற பேரச் சொல்லல. அவ்வளவு சிநேகம் எங்களுக்குள்ள. அதச் சொன்னா வக்கீலு வெளிய சொல்லாதீங்கறாரு. ஏன் சொல்லக்கூடாது? எத்தன பேருக்கு அப்படி ஒரு சிநேகிதன் கெடைப்பான்?

அவனுக்கு ஒரு கெட்ட பழக்கமுங்க. நான் எதுக்குக் கையத் தூக்கினாலும் தலைய வெடுக்குன்னு அந்தப் பக்கம் இழுத்துக்குவான். தலை சொறியக் கையத் தூக்கினாலும் அப்படித்தான். அவன் கண்ணாலத்துல அரிசி போடறதுக்குக் கையத் தூக்கறேன், மாப்பிள்ளை மணவறையில உக்காந்துட்டு தலைய இழுக்கறான். ஆல்பத்துல அந்தப் போட்டோ இருக்குது. எல்லாரும் சிரிச்சுட்டு இருக்கறாங்க, இவன் மட்டும் கோணிக்கிட்டு. நல்ல நாளும் அதுவுமா இப்படியான்னு அவன் பொஞ்சாதி தேன்மொழி கேட்டதுக்கு, கொசுன்னு சொன்னானாம்.

லோகு நல்லாப் படிச்சானுங்க. கம்ப்யூட்டர்தான் படிச்சான். கோயமுத்தூருல வேலை பாத்துட்டு, அப்புறம் ஊருக்கே வந்து ஊட்டுல இருந்தே வேலைன்னு உக்காந்துட்டான். போன ஆடி மாசம் ஒருநாள் கடைக்கு வந்தான். பூபதி, அந்த சிடி உங்கிட்ட இருக்குதான்னான். இருக்காமப் போகுமா? இன்ஸ்டிடியூட்ட மூடறப்ப மாஸ்டர்கிட்டக் கேட்டு வாங்கி, மஞ்சத்துணியில சுத்தி பீரோவுல வெச்சிருக்கறேன். எதுக்குடான்னேன். அப்பத்தான் சொன்னான்.

இந்த மாதிரிக் கேமெல்லாம் இப்ப வர்ற கம்ப்யூட்டர்ல ஓடாதாமுங்க. கம்பெனியும் செத்துப் போச்சு. அதனால அந்தக் கேமு மேல கிறுக்குப் புடிச்சவங்க கொஞ்சப் பேரு சேந்து, பழசப் பாத்துப் பாத்து உள்ள இருக்கற எஞ்சின மொதல்ல இருந்து புதுசா எழுதறாங்களாம். போலந்துல ஒருத்தன், பிரேசில்ல ஒரு பொண்ணு, இங்க நம்ம லோகு. சம்பளம் கெடையாது. எழுதறதெல்லாம் தெறந்தே கெடக்கும், யாரு வேணாலும் பாக்கலாம், திருத்தலாம், ஆளாளுக்கு எடுத்துட்டுப் போலாம். யாரு எந்த வரிய எதுக்கு மாத்துனாங்கன்னு குறிப்பு எழுதோணும். அந்தக் குறிப்பும் காலத்துக்கும் அழியாம அங்கயே கெடக்கும். படமும் சத்தமும் மட்டும் பழைய சிடியில இருந்து அவங்கவங்க போட்டுக்கோணும். இவங்க யாருகிட்டயும் நல்ல சிடி இல்ல. எங்கிட்டத்தான் இருந்துச்சு.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க? காங்கேயத்துல காயில் கட்டறவன் பீரோவுல இருக்கறதுக்கோசரம் போலந்துக்காரன் காத்துக்கிட்டு இருக்கறான். குடுத்தேன். நன்றி சொல்ற எடத்துல என்ற பேரப் போட்டாங்க. சிடி கொடுத்தவர் பூபதி, காங்கேயம், சாம்பியன். நானேதான் சாம்பியன்னு சேக்கச் சொன்னேன்.

அதுல இருந்து ஞாயித்துக்கெழமையானா காலையில லோகு ஊட்டுக்குப் போயிருவேன். புதுசா எழுதினத ஓட்டுவான். நான் பக்கத்துல உக்காந்து, மொட்டையன் குதிக்கறது இப்படி இல்லடா, கொஞ்சம் தாமசமாத்தான் குதிப்பான்னு சொல்லுவேன். திருத்துவான். அப்புறம் ஆடுவோம். அவனே பழைய எடத்துல போயி உக்காந்துக்குவான். நான் ஜெயிப்பேன். சட்டம்? இந்த வயசுல ஓங்கியெல்லாம் அடிப்பமுங்களா? சும்மா ஒரு தட்டு. பழச மறக்கக்கூடாதுங்கறதுக்கோசரம். தேன்மொழி சமையக்கட்டுல இருந்து எட்டிப் பாக்கும். காபியக் கொண்டாந்து டொக்குன்னு வெச்சுட்டுப் போகும். அந்தப் புள்ளைக்கு வெளயாட்டுன்னா என்னன்னு தெரியாது.

கார்த்திகை மாசம். ஒரு ஞாயித்துக்கெழமை போறேன், லோகு மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது. கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. உக்காருன்னான். ஆடினோம். தோத்தேன். இன்னொண்ணு ஆடினோம். தோத்தேன். மூணாவதும் தோத்தேன். என்னடா, கேமக் கெடுத்து வெச்சிருக்கறயான்னேன்.

கெடுக்கல மாப்ள, செரி பண்ணியிருக்கறேன்னான்.

என்ன தெரியுங்களா விசயம்? அந்தப் பழைய கேமு ஒரு செகண்டுக்குப் பதினெட்டு தடவ கேக்குமாம், யாரு அடிச்சா, யாரு அடிச்சான்னு. கேக்கறப்ப மொதல்ல நொட்டாங்கைப் பக்கத்துக்காரனத்தான் கேக்குமாம். ரெண்டு பேரும் ஒரே சமயத்துல அடிச்சா, நொட்டாங்கைப் பக்கத்துக்காரன் அடி உழுந்துரும். இந்தப் பக்கத்துக்காரன் அடி கணக்குலயே வராது. எழுதுனவன் செஞ்ச தப்பாம். போலந்துக்காரன் கம்ப்யூட்டரையும் கம்ப்யூட்டரையும் மோத உட்டுப் பாத்தானாம். ரெண்டு பக்கமும் ஒரே தெறமை, பத்தாயிரம் ரவுண்டு. நொட்டாங்கைப் பக்கம் ஒம்பதாயிரத்துச் சொச்சம் ஜெயிச்சிருச்சாம். அத லோகு செரி பண்ணி, குறிப்பும் எழுதிப் போட்டுட்டான். திரையில காட்டித் தமிழ்ல படிச்சான். இடது பக்கம் உட்கார்ந்தவரே எப்போதும் ஜெயிக்கும் கோளாறு நீக்கப்பட்டது. போட்டவன் லோகநாதன்.

அது கோளாறு இல்லடா, அதுதாண்டா கேமு, பழச அப்படியே செய்யறோம்னுதான நீ சொன்னேன்னு கேட்டேன். நாயமா இல்லீங்களா? பழச அப்படியே செய்யறவன் தப்பையும் அப்படியே செய்யோணுமா இல்லையா? அதுக்கும் வழி வெச்சிருக்கறேன் மாப்ளன்னான். ஒரு எடத்தத் தட்டுனான், சின்னதா ஒரு கட்டம் வந்துச்சு. பழைய மாதிரியே வேணும்னா இதுல டிக் போட்டுக்கலாமாம். அந்தக் கட்டத்துக்குப் பேரு என்ன வெச்சிருந்தான் தெரியுங்களா? பூபதி முறை. பத்து நாட்டுக்காரன் பாக்கற எடத்துல! நான் ஜெயிக்கோணும்னா டிக் போடோணுமாம்!

அத எடுறான்னேன். அவன் எடுக்கல. மெதுவா ஒண்ணு கேட்டான். மாப்ள, மொத்தம் எத்தன அடின்னு உனக்கு நெனப்பு இருக்குதா? எனக்கென்னடா தெரியும்னேன். எனக்குந் தெரியல, பத்தாவது வரைக்கும் எண்ணிட்டு இருந்தேன், அப்புறம் உட்டுட்டேன்னான். சிரிச்சான்னு நெனச்சேன். சிரிக்கல. எனக்கு ஆடத் தெரியலன்னு இத்தன வருசமா நெனச்சுட்டு இருந்தேன் பூபதின்னான்.

அப்புறம் பழைய கேமையே போட்டான். நான் குடுத்த சிடி, பழைய கம்ப்யூட்டரு, மாஸ்டர் வெச்சிருந்த மாதிரியே கனமா ஒரு கீபோர்டு, எல்லாம் தேடிப் புடிச்சு வெச்சிருந்தான். எடம் மாத்திக்கலாம், நீ இந்தப் பக்கம் வா, பத்து ரவுண்டு, மூணு ஜெயிச்சீன்னாக்கூட அந்தக் குறிப்ப எடுத்தர்றேன்னான். மூணென்னடா, பத்தும் ஜெயிக்கறேன்னு எந்திரிச்சு சோத்தாங்கைப் பக்கம் போனேன். இந்த எடத்த நல்லா நெனப்புல வெச்சுக்குங்க. எடம் மாத்தச் சொன்னது அவன். நானில்ல.

மொத ரவுண்டு தோத்தேன். சட்டப்படி மூஞ்சியக் காட்டுனேன். அவன் கையத் தூக்கவே இல்ல. ஒண்ணுன்னான். அடிடான்னேன். வேண்டாம், அடுத்தது ஆடுன்னான். ரெண்டு. மூணு. நான் நல்லாத்தான் அடிக்கறேன், மொட்டையன் கத்தி அந்தக் கொடைக்காரி மேல படுது, பட்டா உழுவ மாட்டேங்குது. நாலு. ஒவ்வொருக்காவும் கன்னத்தக் காட்டறேன், அவன் திரும்பிக்கூடப் பாக்காம நம்பர மட்டும் சொல்றான். அஞ்சு. அடிறா, சட்டம்னா சட்டம்டான்னு கத்தறேன். எனக்கு அது வேண்டாம் பூபதின்னான். ஆறு.

அவன் அடிச்சிருக்கோணுமுங்க. ஒரே ஒரு அடி. அடிச்சிருந்தா நான் வாங்கிட்டுக் கம்முனு எந்திரிச்சு வந்திருப்பேன். அடிக்காம எண்ணுனான் பாருங்க, அத எந்த ஆம்பள பொறுப்பான்?

ஏழுன்னு சொல்ல வாயத் தெறந்தான். கீபோர்டப் புடுங்கி ரெண்டு கையிலயும் புடிச்சு வீசினேன். காதோட சேத்து உழுந்துச்சு. கட்டையெல்லாம் பேந்து தரையில சிதறுது. நாற்காலியோட சாஞ்சான். திரும்பியும் அதே எடத்துல. மூணாவது அடிக்கு கீபோர்டு ரெண்டாப் போச்சு, அப்புறம் கை முட்டியில குத்தினேன். அவன் பல்லு ஒண்ணு என்ற விரலுக்குள்ள ஏறிருச்சு, இந்தாங்க, தழும்பு. ஒருக்காகூட அவன் திருப்பி அடிக்கல. கையால காத மூடிட்டு, மாப்ள அந்தக் காது, மாப்ள அந்தக் காதுன்னான். எனக்கு அப்ப வெளங்கல. தேன்மொழி ஓடியாந்து சப்பாத்திக் கட்டையில என்ற முதுகுல நாலு போட்டுச்சு. அதுக்குக் கேசு இல்ல பாருங்க. அக்கம்பக்கத்துல இருந்து ஆளுக வந்து என்னயப் புடிச்சு இழுத்தாங்க. போறப்ப சிடிய மட்டும் உருவி எடுத்துட்டு வந்துட்டேன். இந்தா, சட்டப்பையிலதான் இருக்குது. சிடி இல்லாம கேமு நின்னுரும்னு நெனச்சேன். பிரேசில்காரப் புள்ள எல்லாப் படத்தையும் புதுசா வரைஞ்சு போட்டுருச்சாம். நிக்கல.

இப்பப் புரியுதுங்களா? நொட்டாங்கைப் பக்கத்துக் காது அவனுக்கு ஏற்கெனவே போச்சு. இத்தன வருசம் என்ற பக்கம் இருந்தது அந்தக் காதுதான். எடம் மாத்துனதுல நல்ல காது என்ற பக்கம் வந்துருச்சு. யாரு கொண்டாந்து வெச்சா? அவன். அவன் எடத்துல அவன் இருந்திருந்தா இன்னைக்கு அந்தக் காதாச்சும் கேக்கும். இத நான் யாருகிட்டச் சொன்னாலும் மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. என்ற பொஞ்சாதி கோகிலா இதக் கேட்டுப்போட்டு ஒரு வாரம் எங்கூடப் பேசல.

ஆமாங்க, ரெண்டுந்தான். டாக்டரு இனி வராதுன்னுட்டாரு.

படியூரு தாண்டிருச்சா? இன்னைக்குத்தானுங்க முடிவு. லோகு ஒத்துக்கிட்டா கோர்ட் அனுமதியோட ராஜியாப் போயிரலாம், இல்லீன்னா உள்ளதான் போகோணும்னு வக்கீலு சொல்லிட்டாரு. அவன் காசு பணம் ஒண்ணுங் கேக்கல. ஒரு சீட்டுல எழுதிக் குடுத்து உட்டிருக்கறான். கோகிலா மடிச்சு, மேல இருக்கற பையில வெச்சிருக்குது. அந்தக் குறிப்பு இருக்கற எடத்துல, அதுக்குக் கீழ, என்ற பேருல நான் ஒரு வரி எழுதிப் போடோணுமாம். நான் ஜெயித்தது இடது பக்கம் உட்கார்ந்ததால். அடித்தது நான். அவ்வளவுதான். போட்டுட்டு வந்தா ராஜிக்குக் கையெழுத்துப் போடறானாம்.

காலையில கோகிலா கால்ல உழுந்து அழுதுச்சுங்க. ஒரு வரி எழுதறதுல உனக்கு என்ன கொறஞ்சு போயிரும்னு கேட்டுச்சு. என்ன கொறஞ்சு போயிருமா? அது அழியாதுங்க. கரும்பலகையாட்டத் தொடைச்சு உட முடியாது. நாஞ் செத்தாலும் கெடக்கும். அப்ப அந்த மூணு வருசம் என்ன ஆச்சு? எங்கிட்ட வேற என்ன இருக்குது, நீங்களே சொல்லுங்க.

நேர்ல பாத்துப் பேசிக்கலாம், எத்தன வருசப் பழக்கம், ரெண்டு வார்த்தை சொன்னா எறங்கி வந்துருவான்னு முந்தாநாள் அவன் ஊட்டுக்குப் போனேன். வாசப்படியில நின்னு, மாப்ள, மாப்ளன்னேன். உள்ள முதுகக் காட்டி உக்காந்து கம்ப்யூட்டர்ல தட்டிட்டு இருக்கறான். பத்துத் தடவ கூப்புட்டிருப்பேன். அப்பத்தான் ஒறைச்சுது, எங்கீங்க கேக்கும்? தேன்மொழி வந்து, எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்கன்னு ஒரு பேனாவ நீட்டுச்சு. எழுதறதுன்னா என்னத்த எழுத? அவன் கேட்ட அந்த வரியத்தான் எழுதோணும். பேனாவத் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

இன்னைக்கும் எழுத மாட்டேன். செயிலுன்னா செயிலு.

ஆமா, என்ன கேட்டீங்க? அன்னைக்கு சோத்தாங்கைப் பக்கம் உக்காந்து ஒரு ரவுண்டாச்சும் ஜெயிச்சனான்னா? எல்லாத்தையும் கேட்டுப்போட்டு இதத்தான் கேக்கோணும்னு தோணுச்சுங்களா உங்களுக்கு? பாக்கப் படிச்ச ஆளாட்ட இருக்கறீங்க, இவ்வளவு நேரம் எங்கூட உக்காந்துட்டு வந்தீங்க, நீங்களும் அவன் பக்கந்தானா?

செரி உடுங்க. நல்லூரு வந்துருச்சு, இனி எறங்கற எடம் பக்கந்தான். மேல அந்தப் பைய எடுத்துக்கறேன்.

ஏனுங்க! எதுக்கு இப்பத் தலைய அப்படி வெடுக்குன்னு இழுத்துக்கறீங்க? பைய எடுக்கத்தானுங்க கையத் தூக்கினேன்.